மைல் கணக்கில் கூடிய எடை: நெடுந்தூர லாரி ஓட்டுநர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த நெடுந்தூர லாரி ஓட்டுநர். 2022 மார்ச் முதல் 2025 மார்ச் வரை, மூன்று ஆண்டுகள், நான் பணிபுரியும் சிறு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டும், சிலவற்றை மாற்றியும் எழுதியிருக்கிறேன். பெரிய வெற்றி கிட்டியது என்பதற்காக இதைப் பதிவு செய்யவில்லை. முதல் மூன்று மாதங்களில் நான் எடுத்த முடிவு தவறானது. அதே தவறை அவருக்கு முன்பு உடல் தகுதிச் சான்று எழுதியவர்களும் 24 ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறார்கள் என்பது பின்னால் தெரியவந்தது. ஒரு நாட்டின் பெரியவர்களில் ஐந்தில் இருவர் உடல் பருமனோடு இருக்கும்போது, ஒருவரைக் கூர்ந்து பார்ப்பதால் என்ன தெரியும் என்று கேட்கலாம். இவர் விஷயத்தில் நிறையவே தெரிந்தது.

பின்னணி

முதன்முதலில் வந்தபோது அவருக்கு வயது 51. உயரம் 178 செ.மீ., எடை 139 கிலோ, எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை குறியெண் 43.9. குறியெண் 30-ஐத் தொட்டால் உடல் பருமன், 40-ஐத் தாண்டினால் கடுமையான உடல் பருமன் என்பது மருத்துவ வரையறை. மிசிசிப்பி ஆற்றுப் படுகையை ஒட்டிய சமவெளியில், நெல்லும் சோயாவும் பருத்தியும் விளையும் ஊரொன்றில் பிறந்தவர். தந்தை பண்ணைக் கூலி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கோழி இறைச்சி பதப்படுத்தும் ஆலையில் சில ஆண்டுகள் நின்றுகொண்டே வேலை செய்தார். 1998-இல், 27-ஆம் வயதில், கனரக வாகன உரிமம் பெற்று லாரி ஓட்டத் தொடங்கினார்.

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் கனரக லாரி ஓட்டுபவர்கள் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உடல் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பரிசோதனைப் படிவங்களின் நகல்கள் அனைத்தையும் அவர் பழுப்பேறிய பிளாஸ்டிக் உறை ஒன்றில் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு மனிதரின் எடை வரலாறு இவ்வளவு ஒழுங்காக என் கைக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. 1998-இல் 84 கிலோ, 2002-இல் 93, 2008-இல் 108, 2014-இல் 121, 2018-இல் 132. ஏழு படிவங்களில் குறிப்புரைப் பகுதியில் "எடையைக் குறைக்க வேண்டும்" என்று எழுதப்பட்டிருந்தது. எப்படி என்று ஒன்றில்கூட இல்லை.

24 ஆண்டுகளில் 55 கிலோ. கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தெரியும். நாள் கணக்கில் வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 6 கிராம். கொழுப்பில் அடங்கிய ஆற்றலாகக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 50 கலோரிக்கும் குறைவான சேமிப்பு, அதாவது ஒரு கேன் கோலாவில் மூன்றில் ஒரு பங்கு. உடல் பெருகப் பெருக அதைத் தாங்கவே கூடுதல் உணவு வேண்டியிருக்கும் என்பதால் கணக்கு இவ்வளவு நேரானதல்ல. ஆனாலும், பேராசைக்காரர் ஒருவர் வாரி வாரித் தின்று பெருத்துப் போனார் என்ற சித்திரம் இந்த எண்களுக்குப் பொருந்தவில்லை.

நாட்டின் நிலையையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெரியவர்களில் 13 சதவீதத்தினருக்கே உடல் பருமன் இருந்தது. 1970-களின் இறுதியிலும் அது 15 சதவீதம்தான். 1999–2000-இல் 30 சதவீதத்தைத் தாண்டியது. 2017–2020-இல் ஏறத்தாழ 42 சதவீதத்தை எட்டியது. 2021–2023 கணக்கெடுப்பில் 40 சதவீதம். 2023-இல் மாநில வாரியாக எடுத்த கணக்கில் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்த மூன்று மாநிலங்களில் ஆர்கன்சாஸும் ஒன்று. மற்றவை மேற்கு வர்ஜீனியாவும் மிசிசிப்பியும். நெடுந்தூர லாரி ஓட்டுநர்களிடையே 2010-இல் நடத்தப்பட்ட தேசிய ஆய்வில் 69 சதவீதத்தினர் உடல் பருமன் உள்ளவர்களாக இருந்தனர். இருபது, முப்பது ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மரபணுவும் மாறாது, மன உறுதியும் பாதியாகத் தேய்ந்துவிடாது. இது நான் வகுப்பறையில் படித்தது, நம்பியதாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன். நோயாளி எதிரே வந்து உட்கார்ந்தபோது அதன்படி நடக்கவில்லை.

முதல் சந்திப்பும் முதல் முடிவும் (2022 மார்ச்)

அவர் சிகிச்சைக்காக வரவில்லை, சான்றுக்காக வந்தார். ரத்த அழுத்தம் 164/102. சிறுநீரில் சர்க்கரை இருந்தது, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி ரத்தத்தில் 8.1 சதவீதம். அதுவரை தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அவருக்குத் தெரியாது. கழுத்துச் சுற்றளவு 48 செ.மீ. குறட்டை உண்டா, பகலில் தூக்கம் வருமா என்ற கேள்விகளுக்குப் படிவத்தில் "இல்லை" என்று குறியிட்டிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த இருபது நிமிடங்களில் அவர் கண்கள் இரண்டு முறை செருகின.

ரத்த அழுத்தத்தின் மேல் எண் 160-க்கும் 179-க்கும் இடையில் இருந்தால், ஒரே ஒரு முறை மட்டும் மூன்று மாதச் சான்று தரலாம் என்பது வழிகாட்டு நெறி. அதற்குள் 140/90 அளவுக்கு இறங்கினால் ஓராண்டுச் சான்று. அதன்படி மூன்று மாதச் சான்று கொடுத்து, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் எழுதி, உறக்கப் பரிசோதனைக்குப் பரிந்துரைத்தேன். இதுவரை செய்ததில் குறை காண இடமில்லை.

அதோடு நில்லாமல், நாளொன்றுக்கு 1,800 கலோரி உணவுத் திட்டம் அச்சிட்ட தாளைக் கொடுத்து, தினமும் அரை மணி நேரம் நடக்கும்படியும் சொன்னேன். அந்தத் தாளில் காலைக்கு ஓட்ஸ் கஞ்சி, மதியத்துக்குக் கீரையும் சுட்ட மீனும், இடையில் ஒரு ஆப்பிள் என்று இருந்தது. அடுப்பு இருக்கிறதா, எங்கே கடைக்குப் போகிறார், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை. அவர் மறுத்துப் பேசவும் இல்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று என் குறிப்பேட்டில் "நோயாளிக்கு ஆலோசனை வழங்கப்பட்டது, ஒத்துழைப்பார்" என்று எழுதியிருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து (2022 ஜூன்)

மாத்திரைகளால் ரத்த அழுத்தம் 138/86-க்கு இறங்கியிருந்தது. எடை 140 கிலோ; ஒரு கிலோ கூடியிருந்தது. தாள் என்ன ஆனது என்று கேட்டேன். கேபினில் கோப்பைக்கு அடியில் இருக்கிறது என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார்.

வீட்டிலேயே கருவி மாட்டிச் செய்த உறக்கப் பரிசோதனையின் முடிவும் வந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 52 முறை அவருக்கு மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. 30-க்கு மேல் போனாலே கடுமையான நிலை. அந்த எண்ணை அவரிடம் காட்டியபோதுதான், சென்ற ஆண்டு இரண்டு முறை சாலையோரம் கரடுமுரடாக்கப்பட்ட பட்டையில் சக்கரம் ஏறிய அதிர்ச்சியில் விழித்துக்கொண்டதைச் சொன்னார். மார்ச் மாதத்தில் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை, காரணம் தெரிந்ததுதான். சான்று எழுதும் கையும் சிகிச்சை தரும் கையும் ஒன்றாக இருக்கும்போது, உண்மையைச் சொல்பவருக்குப் பிழைப்பு போய்விடும்.

இரவில் மூக்கில் மாட்டிக்கொண்டால் காற்றழுத்தத்தால் மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சிபாப் கருவிக்கு ஏற்பாடு செய்து, ஓராண்டுச் சான்று வழங்கினேன். உணவைப் பற்றி இந்த முறை அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அடுத்த பத்து நாட்களுக்கு வாயில் போடும் எதையும் மாற்ற வேண்டாம், ஆனால் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து நேரத்தோடு அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

பத்து நாட்களில் கண்டவை

83 படங்கள் வந்தன. பெரும்பாலானவற்றில் பின்னணி ஒன்றுதான்: ஸ்டியரிங் சக்கரத்தின் கீழ்ப்பாதி, அதன் மேல் விரித்த காகிதம், காகிதத்தின் மேல் உணவு. காலையில் முட்டையும் சாசேஜும் பாலாடைக்கட்டியும் வைத்த பிஸ்கட் பன். பகலில், டிரக் ஸ்டாப் எனப்படும் லாரி நிறுத்த நிலையங்களின் கல்லாவுக்கு அருகே உருளைகளின் மேல் நாள் முழுக்கச் சுழன்றுகொண்டிருக்கும் ஹாட் டாக். பிற்பகலில் சிப்ஸ். இரவு ஒன்பது மணியளவில், வண்டியை நிறுத்திய பிறகு, பொரித்த கோழியும் உருளைக்கிழங்கும். படங்களில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் ஒரு மூலையிலாவது தெரிந்த பொருள், 44 அவுன்ஸ் கொள்ளளவுள்ள, அதாவது 1.3 லிட்டர் பிடிக்கும், பிடி வைத்த நீல நிறப் பிளாஸ்டிக் கோப்பை.

எங்கள் மருத்துவமனையின் உணவியலாளர் கணக்கிட்டதில் நாளொன்றுக்குச் சராசரி 3,300 கலோரி வந்தது. 140 கிலோ உடலை அப்படியே வைத்திருப்பதற்குத் தேவைப்படுவதைவிட இது அதிகம் இல்லை. அவர் அதிகமாகத் தின்றுகொண்டிருக்கவில்லை. ஏற்கெனவே கூடிவிட்ட எடைக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். இதில் 800 கலோரி அந்தக் கோப்பை வழியாகப் போனது. பனிக்கட்டி போக ஏறத்தாழ ஒரு லிட்டர் கோலா பிடிக்கும். அதில் 110 கிராம் சர்க்கரை. நாளுக்கு இரண்டு கோப்பை.

ஏன் இரண்டு கோப்பை என்று கேட்டதற்கு இரண்டு பதில்கள் கிடைத்தன. ஒன்று, விழித்திருக்க. இரவில் மணிக்கு 52 முறை மூச்சு தடைபடுபவர் பகலில் கஃபீன் இல்லாமல் 900 கிலோமீட்டர் ஓட்ட முடியாது. தூக்கமின்மை பசியையும் கூட்டும். எடை கூடக் கூடத் தொண்டைச் சதை தடித்து மூச்சு மேலும் தடைபடும். இந்தச் சுழலை நான் பாடத்தில் படித்திருந்தும் நோயாளியிடம் முதலில் பார்க்கத் தவறினேன். இரண்டாவது பதிலை எந்தப் பாடத்திலும் படித்ததில்லை: அது இலவசம். குறிப்பிட்ட அளவு டீசல் நிரப்பினால் அந்த நிலையங்களின் வாடிக்கையாளர் அட்டையில் ஒரு குளியலும், பானக் கோப்பையை நிரப்பிக்கொள்ளும் சலுகையும் ஏறும். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டும்.

சாலை என்ன வைத்திருக்கிறதோ அது

படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினோம். அவருக்குச் சம்பளம் மைல் கணக்கில். சரக்கு ஏற்றும் கிடங்கில் நான்கு மணி நேரம் காத்திருந்தால் அந்த நேரத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. 1938-இல் வந்த தொழிலாளர் சட்டத்தின் மிகைநேர ஊதியம் இவர்களுக்குப் பொருந்தாது. 1980-இல் சரக்குப் போக்குவரத்தின் மீதான கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட பிறகு போட்டி பெருகி ஊதியம் தேய்ந்தது. ஓட்டும் நேரத்துக்கு வரம்பு உண்டு: வேலையைத் தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். 2017 டிசம்பரிலிருந்து மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயமானதால் அந்த 14 மணி நேரக் கடிகாரத்தை எளிதில் ஏமாற்ற முடியாது. பாதுகாப்புக்காக வந்த நல்ல விதிதான். ஆனால் உட்கார்ந்து சாப்பிட எடுக்கும் முக்கால் மணி நேரமும் அந்தக் கடிகாரத்தில்தான் ஓடும். விளைவு, ஸ்டியரிங்கின் மேல் விரித்த காகிதம்.

நகரத்துப் பேரங்காடியில் காய்கறி வாங்கலாமே என்று கேட்டேன். அவர் சிரித்தார். வண்டியும் அதன் பின்பெட்டியும் சேர்ந்து 21 மீட்டர் நீளம். அதை நிறுத்தப் பெரும்பாலான அங்காடிகளின் வாகன நிறுத்தங்கள் அனுமதிக்காது. பல இடங்களில் திரும்பவே இடமிருக்காது. ஆக, நாட்டின் நீள அகலம் முழுவதும் சுற்றும் ஒருவருக்கு உணவு கிடைக்கும் இடங்கள், நெடுஞ்சாலையின் வெளியேறும் வழிகளில் ஒரே அச்சில் வார்த்தாற்போல் நிற்கும் டிரக் ஸ்டாப்புகள் மட்டுமே. அங்கே அடுக்கப்பட்டிருப்பவை மாதக்கணக்கில் கெடாத பொட்டலங்களும், கையில் பிடித்துக்கொண்டே தின்னக்கூடிய பண்டங்களும்.

அந்த வகை உணவு தானாகவே அதிகம் தின்ன வைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வில் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்கு 500 கலோரி அதிகம் உண்டு, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை கூடினார்கள். மற்ற இரண்டு வாரங்களில் ஏறத்தாழ அதே அளவு குறைந்தார்கள். அவர்களை யாரும் தூண்டவில்லை, தடுக்கவும் இல்லை.

கோப்பைக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய கோகோ கோலா பாட்டிலின் அளவு ஆறரை அவுன்ஸ். இவர் கையில் இருந்தது அதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. 1970-களில் மக்காச்சோளத்தை இயன்ற மட்டும் விளைவிக்க அரசு ஊக்குவித்தது. 1982-இல் இறக்குமதிச் சர்க்கரைக்கு ஒதுக்கீட்டு வரம்பு வந்து உள்நாட்டில் சர்க்கரை விலை உயர்ந்தே நின்றது. 1984-இல் பெரிய கோலா நிறுவனங்கள் மக்காச்சோளச் சர்க்கரைப் பாகுக்கு முழுமையாக மாறின. சர்க்கரையைவிட அந்தப் பாகு உடலுக்குத் தனியாகக் கெடுதல் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. அது மலிவு, மலிவான பானத்தைப் பெரிய கோப்பையில் விற்பது வணிகருக்கு லாபம். 2012-இல் நியூயார்க் நகரம் 16 அவுன்ஸுக்கு மேற்பட்ட இனிப்புப் பானக் கோப்பைகளுக்குத் தடை கொண்டுவர முயன்றது. 2014-இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. ஆர்கன்சாஸின் அண்டை மாநிலமான மிசிசிப்பி, அப்படிப்பட்ட தடையை உள்ளூர் நிர்வாகங்கள் கொண்டுவரவே கூடாது என்று 2013-இல் சட்டம் போட்டது.

இரண்டாவது முடிவு (2022 ஜூலை – செப்டம்பர்)

இந்த முறை உணவுத் தாளைத் தொடவில்லை. கேபினில் எதை மாற்ற முடியும், எதை முடியாது என்று அவரையே சொல்லச் சொன்னேன். முதலில் தூக்கம் என்று முடிவானது. பசியையும் கோப்பையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கருவியை மாட்டிக்கொண்டு படுக்க முதல் இரண்டு வாரம் சிரமப்பட்டார். நள்ளிரவில் கழற்றி எறிந்துவிட்டுக் காலையில் தேடியிருக்கிறார். மூக்கு மூடியின் வகையை மாற்றிய பிறகு பழகியது. நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் பத்தில் ஏழு இரவுகளாவது பயன்படுத்த வேண்டும் என்பது பொதுவாகக் கேட்கப்படும் அளவு. ஆகஸ்ட் இறுதியில் அவருடைய சராசரி ஆறு மணி நேரத்தைத் தாண்டியது. பிற்பகல் இரண்டு மணிக்குக் கோப்பையைக் கை தேடவில்லை என்று அவரே தொலைபேசியில் சொன்னார்.

கோப்பையை விடச் சொல்லவில்லை. இலவசமாகக் கிடைப்பதை விடச் சொல்வது ஒரு தொழிலாளியிடம் எடுபடாது. அது நியாயமும் அல்ல. அதே கோப்பையில், அதே சலுகையில், இனிப்பில்லாத ஐஸ் தேநீர் பிடிக்கலாம் என்று முடிவு செய்தோம். தெற்கு மாநிலங்களில் இனிப்புத் தேநீர் குடித்து வளர்ந்தவருக்கு அது கஷாயம் மாதிரி இருந்தது. முதல் மாதம் பாதிக்குப் பாதி கலந்து குடித்தார்.

வீட்டுக்கு வரும் இரண்டு நாட்களில் அவரும் மனைவியும் சேர்ந்து பீன்ஸ், டர்னிப் கீரை, கோழி ஆகியவற்றைச் சமைத்துப் பெட்டிகளில் உறையவைத்தார்கள். கேபினில் ஒரு சிறு குளிர்பெட்டியும், சிகரெட் லைட்டர் துளையில் செருகிச் சூடாக்கும் உணவுப் பெட்டியும் வந்தன. மூன்று வாரப் பயணத்துக்கு அது போதாது. ஆனால் இரவு ஒன்பது மணிப் பொரித்த கோழியில் பாதியை அது விலக்கியது. மனைவி முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்ப்பவர். அவர்கள் ஊரில் இருந்த ஒரே மளிகை அங்காடி மூடப்பட்டு, மலிவுப் பொருட்கள் விற்கும் டாலர் கடை மட்டும் மிஞ்சியிருந்ததால், கீரைக்காக அவர் 40 கிலோமீட்டர் போய்வர வேண்டியிருந்தது. இந்தத் திட்டத்தின் சுமை உண்மையில் யார் தலையில் விழுந்தது என்பதை நான் தாமதமாகத்தான் யோசித்தேன்.

நடைக்கு அவரே வழி கண்டுபிடித்தார். வண்டியை 32 முறை சுற்றினால் ஒரு மைல் என்பது ஓட்டுநர்களிடையே புழங்கும் கணக்கு. கிடங்கில் காத்திருக்கும் சம்பளமில்லாத நேரத்தில் சுற்றத் தொடங்கினார். நடையால் எடை குறைந்தது என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை அளவுக்கும் மனநிலைக்கும் உதவியது.

ஒரு சிறு குறிப்பு. ஓக்லஹோமா, நியூ மெக்சிகோ வழியாகப் போகும் 40-ஆம் எண் நெடுஞ்சாலையில், பஞ்சாபி ஓட்டுநர்களை நம்பித் தொடங்கப்பட்ட தாபாக்கள் சில இருக்கின்றன. சக ஓட்டுநர் ஒருவர் கூட்டிப்போக, அங்கே பருப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, "உங்கள் நாட்டுச் சாப்பாடு எனக்கு ஆகுமா?" என்று படம் அனுப்பிக் கேட்டார். பருப்பு ஆகும், ரொட்டியின் மேல் உருகும் வெண்ணெய்தான் ஆகாது என்று பதில் அனுப்பினேன். என் ஊரில் ரொட்டி சுடும் வழக்கமே இல்லை என்பதை விளக்கவில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் எடை 131 கிலோ.

மருந்து (2022 அக்டோபர் – 2023 டிசம்பர்)

எச்.பி.ஏ.1சி இன்னும் 7.4 சதவீதமாக இருந்ததால், வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைடு ஊசியைச் சேர்க்க முடிவு செய்தேன். சர்க்கரையோடு எடையையும் அது குறைக்கும் என்பது காரணம். உடல் பருமனுக்கென்று இதே மருந்து 2021 ஜூனில் அனுமதி பெற்று வேறு பெயரில் விற்கப்படுகிறது; அவருடைய நிறுவனக் காப்பீடு அதற்குப் பணம் தரவில்லை. சர்க்கரை நோய் இருந்ததால் மட்டுமே அவருக்குக் கிடைத்தது. நோய் முற்றும் வரை காத்திருந்தவருக்கு மருந்து, முற்றாமல் பார்த்துக்கொள்ள நினைப்பவருக்கு அன்றைய விலையில் மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் செலவு என்ற அந்த ஏற்பாட்டை எந்த நோயாளிக்கும் என்னால் நேராகப் பார்த்து விளக்க முடிந்ததில்லை.

முதல் ஆறு வாரம் குமட்டல் இருந்தது. மருந்துத் தட்டுப்பாட்டால் இரண்டு முறை இடைவெளி விழுந்தது. ஆனாலும் 2023 செப்டம்பரில் எடை 118 கிலோ, எச்.பி.ஏ.1சி 6.3 சதவீதம். டிரக் ஸ்டாப்பின் உருளைகளைக் கடந்து போகும்போது முன்பெல்லாம் காதுக்குள் யாரோ பேசுவது போல் இருக்கும், இப்போது அந்தப் பேச்சு நின்றுவிட்டது என்றார். மன உறுதி இல்லாதவர் என்று ஏழு படிவங்களில் மறைமுகமாக எழுதப்பட்ட மனிதர் அவர்.

வேலை போனது (2024)

சரக்குச் சந்தை 2023-இல் சரிந்தது. அவர் வேலை பார்த்த சிறு நிறுவனம் அடுத்த ஜனவரியில் மூடப்பட்டது. வேலையோடு காப்பீடும் போனது. சொந்தப் பணத்தில் தொடர, ஊசியின் பட்டியல் விலை அப்போது மாதம் 900 டாலருக்கு மேல் இருந்தது. நிறுத்தினார். இந்த மருந்தை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதை ஆய்வொன்று காட்டியிருப்பதால், என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அவரிடமும் சொன்னேன். ஜூன் மாதத்தில் எடை 126 கிலோ. தூக்கக் கருவியையும் இனிப்பில்லாத தேநீரையும் அவர் விடவில்லை. அவற்றால்தான் ஏற்றம் அந்த அளவில் நின்றது என்று கருதுகிறேன், நிரூபிக்க வழியில்லை.

அந்த மாதமே வேறு வேலை கிடைத்தது. மாநிலத்துக்குள்ளேயே கிடங்குகளுக்கு இடையே ஓட்டும் வேலை, மணிக்கணக்கில் சம்பளம், இரவில் வீடு. ஆண்டு வருமானம் முன்பைவிடக் குறைவு. புதிய காப்பீட்டில் செமாக்ளூடைடுக்கு முன் அனுமதி வாங்க, முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீடு செய்து, அக்டோபர் வரை ஆனது. என் அலுவலகத்தில் அதற்கென்றே ஒருவர் பதினொரு முறை தொலைபேசியில் பேசியிருக்கிறார்.

2025 மார்ச் நிலை

எடை 119 கிலோ. உடல் நிறை குறியெண் 37.6. மருத்துவக் கணக்கில் அவர் இன்னும் உடல் பருமன் உள்ளவரே. ரத்த அழுத்தம் ஒரே மாத்திரையில் 128/80. எச்.பி.ஏ.1சி 6.5. சாலையோரப் பட்டையில் சக்கரம் ஏறியது 2022-க்குப் பிறகு இல்லை. மூன்று ஆண்டுகளில் இறங்கிய எடை 20 கிலோ. இதில் மருந்துக்கு எவ்வளவு, தூக்கத்துக்கு எவ்வளவு, கோப்பைக்கு எவ்வளவு, இரவில் வீட்டில் சாப்பிடும் புதிய வேலைக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவரைக் கேட்டால் வேலைக்குத்தான் பெரும்பங்கு கொடுக்கிறார்.

இனி மாற்றிச் செய்பவை

சான்றுக்காக வரும் ஓட்டுநர்களைச் சிகிச்சைக்கு இப்போது சக மருத்துவரிடம் அனுப்புகிறேன். என்னிடம் சிகிச்சை பெறுபவர்களுக்குச் சான்று எழுதுவதில்லை. இதனால் முதல் சந்திப்பிலேயே உண்மை பேசுபவர்கள் கூடியிருக்கிறார்கள் என்பது என் அனுபவம். அச்சிட்ட உணவுத் தாளை எங்கள் மருத்துவமனை கைவிட்டது. எடையைப் பற்றிப் பேசுவதற்கு முன் தூக்கம், வேலை நேரம், சம்பளம் கணக்கிடப்படும் விதம், எங்கே நிறுத்திச் சாப்பிடுகிறார் என்ற நான்கையும் கேட்கிறோம். அதற்கு இருபது நிமிடம் போதாது. காப்பீட்டு நிறுவனம் இருபது நிமிடத்துக்குத்தான் பணம் தருகிறது. இதற்கு இன்னும் வழி காணவில்லை.

வீட்டில் சமைக்கும் வேலை யார் மேல் விழும் என்பதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இவருடைய மனைவி இரவுப் பணி முடிந்து வந்து உறையவைத்த பெட்டிகளை நிரப்பினார். அவருடைய ரத்த அழுத்தத்தை 2024 வரை யாரும் பார்க்கவில்லை.

ஓட்டுநரின் மகள் விஷயத்திலும் தாமதித்தேன். பள்ளிக் குழந்தைகளின் உடல் நிறை குறியெண்ணை அளந்து பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2003-இல் நாட்டிலேயே முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் ஆர்கன்சாஸ். தொடக்க ஆண்டில் ஐந்தில் ஒரு குழந்தைக்கு உடல் பருமன் இருந்தது. இன்றும் அந்த விகிதம் அதற்குக் கீழே போகவில்லை. எட்டாம் வகுப்பில் மகளுக்கு வந்த அந்தக் கடிதம் ஓராண்டாகக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் அடியில் இருந்ததாக அவர் 2024 நவம்பரில்தான் பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். மகளின் முதல் சந்திப்பு 2025 பிப்ரவரியில் நடந்தது. எடை இயந்திரத்தில் ஏற்றவில்லை. காலை எத்தனை மணிக்குப் பள்ளிப் பேருந்து வருகிறது, இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், அம்மா இரவுப் பணிக்குப் போகும் நாட்களில் யார் சமைப்பார்கள் என்று கேட்டோம். பேருந்து காலை 6.10-க்கு வருகிறது.